உத்திரமேரூருக்குப் பாசிமணி வாங்கப் போனேன்

பாசிமணி வாங்க இந்தியாவுக்குப் போகிற ஆளை என் கணவர் அதுவரை பார்த்ததில்லையாம். "புடவை வாங்கப் போவாங்க, நகை வாங்கப் போவாங்க. நீ ஒருத்திதான்" என்று விமான நிலையம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்து என்னை மட்டும் ஏற்றிவிட்டார். மெட்ராஸில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பிக்குக் கல்யாணம் என்பது நாங்கள் ஊருக்குச் சொன்ன காரணம். எனக்கு மணிதான் காரணம்.

நான் மலேசியாவின் சரவாக்கில், பாராம் ஆற்றங்கரையில் ஒரு விடுதிப் பள்ளியில் கைத்தொழில் ஆசிரியை. என் வகுப்பில் பாதிப் பேர் காயான் பிள்ளைகள். காயான் மக்கள் அந்த ஆற்றங்கரையின் பூர்வகுடிகள். ஒரு ஊர் முழுக்க ஒரே நீண்ட வீட்டில் வாழ்கிறவர்கள். அவர்களுக்கு மணி என்றால் உயிர். கைக்குழந்தையை முதுகில் சுமக்கும் தொட்டிலின் பின்புறம் மணி கோத்த தட்டி ஒன்றைக் கட்டுவார்கள். குழந்தையை எதுவும் அண்டாமல் அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. பள்ளிக் கலைவிழாவுக்காக என் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து அப்படி ஒரு தட்டி கோக்கத் தொடங்கினார்கள். பாதியில் மஞ்சள் மணி தீர்ந்துவிட்டது. பக்கத்து நகரமான மீரியில் சீனர் கடையில் இருந்ததெல்லாம் பிளாஸ்டிக். கோத்துப் பார்த்தோம், பிறந்தநாள் கேக் மாதிரி இருந்தது. அசல் கண்ணாடி மணி இந்தியாவில்தான் கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னார். பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கிளம்புவதற்கு முன்பு என் மாணவி ஊபோங்கின் அம்மா படகேறி வந்தார். கழுத்து மாலையை அவிழ்த்து, அதிலிருந்து ஒரு மணியை மட்டும் உருவி என் உள்ளங்கையில் வைத்தார். கொண்டைக்கடலை அளவு. கறுப்பு உடம்பில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கண் போட்டிருந்தது. பல தலைமுறைகளாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த மணி. அந்தக் காலத்தில் அப்படி ஒன்றைக் கொடுத்து ஓர் அடிமையையே வாங்கலாம் என்பார்கள். "தட்டியின் நடுவில் வைக்க இது மாதிரி ஒன்று வேண்டும். உங்கள் ஆட்கள் இன்னும் செய்கிறார்களா, காட்டிக் கேள்" என்று மலாயில் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கை வாங்கிக்கொண்டது. அன்றைக்குத் தொடங்கிய கவலை எனக்குக் கடல் தாண்டியும் நிற்கவில்லை.

கல்யாணம் முடிந்ததும் உத்திரமேரூருக்குப் புறப்பட்டேன். அங்கே கோமளா இருக்கிறாள். என் கணவரின் சித்தப்பா மகள், எனக்கு நாத்தனார். மாகறலில் பிறந்து உத்திரமேரூரில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாண வீட்டில்தான் அவளை முதல்முறையாகப் பார்த்தேன். மணி தேடுவதைச் சொன்னதும், "எங்க ஊரு பஸ் ஸ்டாண்ட்ல குருவிக்காரங்க கட போட்டுக்கினு கீறாங்களே அண்ணி. வண்டி வண்டியா மணி வெச்சிக்கினு கீறாங்க" என்று கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

செங்கல்பட்டிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. என் மடியில் யாருடையதோ கோழி ஒன்றும் கிடைத்தது. எங்கள் ஊரில் எங்கே போவதானாலும் படகுதான். படகில் ஆட்கள் எடை பார்த்து உட்காருவார்கள். இங்கே அந்தப் பேச்சே இல்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ரவிக்கைக்குள் கைவிட்டு மணி இருந்த கைக்குட்டை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பக்கத்து இருக்கை அம்மாள், "நெஞ்சு வலியா?" என்று கேட்டார்.

கோமளா வீட்டில் முன்பக்கம் நெல் மண்டி, பின்பக்கம் குடித்தனம். எங்கே நடந்தாலும் காலில் நெல் ஒட்டும். அவள் கணவர் தணிகாசலம் மண்டியில் உட்கார்ந்தபடியே ஊர் நியாயம் முழுவதையும் தீர்த்துவைப்பவர். ஏழு மாதக் குழந்தை பாபு. அவனுக்கு முன்னால் பிறந்தது ஆறு மாதம்கூடத் தங்கவில்லை என்று கல்யாண வீட்டிலேயே என் காதில் போட்டிருந்தார்கள். அதனால் இவன் தும்மினால் வீடே எழுந்து நின்றது. அன்றிரவு கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். களியை மெல்லாமல் விழுங்க வேண்டுமாம். நான் மென்றதைப் பார்த்துத் தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சாக்கு விரித்து, ஊக்கு, சீப்பு, ஊசி, கொத்துக்கொத்தாகப் பாசிமணி பரப்பி, கோமளா குருவிக்காரர் என்று சொன்ன நரிக்குறவப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் லட்சுமி. பஸ் ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே கை தன்பாட்டுக்கு மணி கோத்தது. மஞ்சளில் கண்ணாடி மணி இரண்டு கிலோ வேண்டும் என்றேன். கை நின்றது.

"ரெண்டு கிலோவா? கட வெச்சிக்கிறியா சாமி?"

"இல்லம்மா. நான் பள்ளிக்கூட டீச்சர். எங்க ஊரு பழங்குடிப் பிள்ளைங்க, அவங்க சனத்தோட மணி வேலைய வகுப்புல செய்யுறாங்க. அதுக்குத்தான்."

"பள்ளிக்கூடத்துலயா?" என்று நம்பாமல் என்னைப் பார்த்தாள். "எம் பொண்ண இந்தப் பள்ளிக்கூடத்துல பக்கத்துலயே ஒக்கார வெச்சிக்க மாட்டன்னாங்க சாமி. பாசி நாறுதாம். படிப்ப உட்டுட்டு வந்துடுச்சி."

கைக்குட்டையை அவிழ்த்துக் கண் மணியைக் காட்டினேன். வாங்கித் தூக்கி வெயிலுக்குக் காட்டினாள், பல்லில் தட்டினாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"இப்டி நான் பாத்ததில்ல. குடுத்துடறியா? இன்னா கேக்குற?"

"இது விக்கிறதுக்கு இல்ல" என்று அவசரமாகப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மஞ்சள் மணி மூட்டை தன் தம்பியிடம் இருக்கிறது என்றும், அவன் வந்தவாசிப் பக்கம் திருவிழாவுக்குப் போயிருக்கிறான் என்றும், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவான் என்றும் சொன்னாள். எனக்குச் செவ்வாய்க்கிழமை விமானம். வந்துவிடுவானா, வந்தாலும் அதே மஞ்சளா என்று கேட்டுக் கேட்டு அவளைப் படுத்தி எடுத்துவிட்டுத் திரும்பினேன். நடக்கும்போதெல்லாம் யாரோ பின்னால் வருவது போலவே இருந்தது.

வெள்ளிக்கிழமை, மெல்லிய ஊசியும் மெழுகு நூலும் வாங்கக் காஞ்சிபுரம் போக வேண்டியிருந்தது. ஜமிக்கி விற்கிற கடைகள் அங்கேதான் இருக்கின்றன. முதல் நாள் மணியைக் கண்டவர் எல்லாம் பார்த்துவிட்டார்களே, பஸ் கூட்டத்தில் எவனாவது உருவிவிட்டால் என்ன செய்வது என்று பயம். வீட்டில் எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. பெட்டிக்குப் பூட்டு இல்லை. கடைசியில் சாமி மாடத்தில், முருகன் படத்துக்கு முன்னால், கைக்குட்டையை விரித்து அதன்மேல் வைத்தேன். சாமிக்கு முன்னால் இருப்பதை யார் தொடப்போகிறார்கள் என்ற தைரியம். கோமளா அடுப்படியில் இருந்தாள். பாபுவுக்கு இரவிலிருந்து காய்ச்சல். கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. "இன்னா அண்ணி, நாஷ்டா துண்ணாம கெளம்பிக்கினு கீறீங்க?" என்றாள். காஞ்சிபுரத்தில் தின்றுகொள்கிறேன் என்று ஓடினேன்.

காஞ்சிபுரத்தில் மிளகும் சுக்குமாக மணக்கும் இட்லி தின்றேன், ஊசி வாங்கினேன், எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. திரும்பும்போது மாகறலைத் தாண்டுவதற்குள் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. டயர் போய்விட்டது.

"ஸ்டெப்னி இல்லையா?" என்று ஒருவர் கேட்டார்.

"கீது. அதுவும் பஞ்சர்" என்றார் கண்டக்டர், ஏதோ சாதனை சொல்வது போல.

புளியமரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்தோம். அறுப்பு வேலை முடித்து வந்த பெண்கள் மடியிலிருந்த வேர்க்கடலையை எனக்கும் அள்ளிப் போட்டார்கள். எங்கள் ஊரில் படகு நின்றுவிட்டால் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அது எப்போதும் பால் விட்ட தேநீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே செய்யாற்றில் வெறும் மணல். ஒரு பெண் இன்னொருத்தியிடம், "இந்த பஸ்ஸால பேஜாரு. வூட்ல கொயந்த பால் இல்லாம கத்திக்கினு கெடக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கவலை முழுக்கச் சாமி மாடத்தின்மேல்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தேன். மாடத்தில் கைக்குட்டை மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"அண்ணி, உங்க புண்ணியம்" என்று கோமளா கண்ணெல்லாம் சிரிப்பாக வந்தாள். "காச்சல் எறங்கிடுச்சி. சாமிகிட்ட வெச்சிட்டுப் போனீங்களே, அந்தக் கண்ணு மணி, அத எட்த்துக்கினு மாரியாத்தா கோயிலுக்கு ஓடினேன். பூசாரி மந்திரிச்சி அரணாக்கயித்துல முடிச்சிப் போட்டாரு. வூட்டுக்கு வந்து பாத்தா ஒடம்பு ஜில்லுனு கீது."

பாயில் பாபு குப்புறக் கிடந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். இடுப்பில் கறுப்புக் கயிறு. அதில் ஊபோங் அம்மாவின் மணி.

தணிகாசலம்தான் பிறகு பேச்சுவாக்கில் அந்த வழக்கத்தைச் சொன்னார். அவர்கள் பக்கத்தில் குழந்தைக்கென்று கொண்டுவருவதை நேரே கையில் கொடுக்க மாட்டார்களாம். சாமி மாடத்தில் வைத்துவிட்டு, வைத்ததைச் சொல்லாமலே போய்விடுவார்களாம். வீட்டார் எடுத்துப் போட்டுவிட வேண்டும். "வெளிநாட்ல பொறந்தாலும் நம்ம வழக்கத்த மறக்கலயே அண்ணி நீங்க" என்றார். எனக்கு அந்த வழக்கம் அப்போதுதான் தெரியும். பூசாரி போட்ட முடிச்சை அவிழ்க்கக் கூடாது, தானாக இற்று விழுந்தால்தான் உண்டு என்பதும் அப்போதே தெரிந்தது.

எப்படிச் சொல்வது? ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம், காய்ச்சல் இறங்கின அன்றைக்கே, அந்த மணியைக் கழற்றிக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? கேட்காமல் போனால் ஊபோங்கின் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? அவர் ரசீது கேட்கவில்லை, எப்போது தருவாய் என்றுகூடக் கேட்கவில்லை. இரவு முழுக்கப் புரண்டு படுத்தேன்.

சனிக்கிழமை பகல் முழுக்க நான் பாபுவின் பின்னாலேயே திரிந்தேன். அவன் அன்றைக்குப் பார்த்துத் தவழக் கற்றுக்கொண்டிருந்தான். சிமெண்டுத் தரையில் மணி தேய்ந்துகொண்டு போயிற்று. ஒவ்வொரு தேய்ப்புக்கும் என் பல் கூசியது. நெல் அம்பாரத்தில் ஏறினான், மணி உள்ளே புதைந்தது. கயிற்றை இழுத்து மணியை வாயில் போடப் பார்த்தான். நான் பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன். அவன் அழுதான். அவன் தூங்கியபோதும் பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று.

சாயங்காலம் கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் கேட்டது.

"கொயந்த பாக்கியம் இல்லாதவங்க இப்டி ஒரே முட்டா உத்துப் பாத்துக்கினு இருந்தா ஆவாது கோமளா. நேத்துதான் காச்சல் உட்டுச்சி. பாத்து நடந்துக்க."

கோமளா எதுவும் சொல்லவில்லை. ஏதாவது சொல்வாள் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பிள்ளை இல்லை. நாற்பது வயதில் அதைப் பற்றி அழுது முடித்தாயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை போலிருக்கிறது. கை கழுவின தண்ணீரிலேயே முகத்தையும் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். அன்றிரவு மிளகாயும் உப்பும் எடுத்துப் பாபுவுக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள் கோமளா. என் முகத்தைப் பார்க்காமல் செய்தாள். மிளகாய் வெடித்த நெடியில் வீட்டில் எல்லோருக்கும் இருமல், எனக்கும்தான். அதற்குப் பிறகு நான் கூடத்துக்கு வந்தால் பிள்ளை உள்ளறைக்குப் போயிற்று. பால் கொடுக்கும்போது முந்தானையால் அவனை முழுக்க மூடிக்கொண்டாள். சோறு மட்டும் முன்பைவிட அதிகமாகப் பரிமாறினாள்.

ஞாயிற்றுக்கிழமை லட்சுமியின் தம்பி சொன்னபடியே வந்திருந்தான். மூட்டையைப் பிரித்ததும் அதே மஞ்சள். பழுத்த எலுமிச்சை நிறம், கண்ணாடி, ஒரே அளவு. பிள்ளைகள் பார்த்தால் குதிப்பார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. லட்சுமி தராசை இறக்கிவிட்டு, "இன்னா சாமி, நெறம் புடிக்கலயா?" என்று கேட்டாள். பிடித்திருக்கிறது என்றேன். கண் போட்ட மணி எங்கே என்று கேட்டாள். ஒரு குழந்தை போட்டிருக்கிறது என்றேன். "அப்போ அவ்ளோதான், வராது" என்று சிரித்துக்கொண்டே மூட்டையைக் கட்டினாள்.

திங்கட்கிழமை விடிந்தால் நான் கிளம்ப வேண்டும். ஞாயிறு சாயங்காலமே, தணிகாசலம் மண்டியில் இருக்கும்போது கோமளாவை உட்காரச் சொன்னேன். பாபு அவள் இடுப்பில் இருந்தான்.

"அந்த மணி நான் பாப்பாவுக்குக் கொண்டு வந்தது இல்ல கோமளா. இரவல். எங்க ஊருல ஒரு அம்மாவோடது. பத்திரமா இருக்கட்டும்னு சாமிகிட்ட வெச்சேன். உங்க வழக்கம் எனக்குத் தெரியாது."

நான் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்து மிச்சத்தையும் சொன்னேன்.

"ரெண்டு நாளா நான் உன் பிள்ளைய உத்துப் பார்க்கல. அந்த மணியத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"மணியவா?" என்றாள் கோமளா. "மணியத்தான் பாத்துக்கினு இருந்தீங்களா? நான் இன்னா இன்னாவோ நெனச்சிக்கினேன் அண்ணி. மொளகா சுத்திப் போட்டேன்."

"தெரியும்."

"கேட்டீங்களா? அந்தப் பொம்பள பேசனத?"

"கேட்டேன்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். பாபு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கோமளா எழுந்து போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்து எனக்கு முன்னால் வைத்தாள். முதல் நாள் இரவிலிருந்து என் கண்ணில் படாமல் மறைத்த பிள்ளையைத் தூக்கி என் மடியில் உட்கார வைத்தாள்.

"என் கையால எட்க்க மாட்டேன் அண்ணி. ஒண்ண வாரிக் குடுத்த வூடு இது. இரவல் பொருளு, உங்களுக்கு வேணும். நீங்களே எட்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

பாபு கனமாக, சூடாக இருந்தான். பிள்ளைகள் உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் விரலை விட்டு விளையாடினான். முடிச்சை விட்டுவிட்டு, மணிக்கு இரண்டு பக்கமும் கயிற்றை வெட்டினேன்.

காலையில் கோமளா எனக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். வாசல்வரை வந்தாள். பாபுவைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. நானும் கேட்கவில்லை. பஸ் ஏரிக்கரை திரும்பும்வரை பார்த்தேன், அவள் அங்கேயேதான் நின்றாள். மணி ரவிக்கைக்குள் பத்திரமாக இருந்தது. மெட்ராஸ், சிங்கப்பூர், மீரி, படகு என்று வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் மணியைத் தரையில் கொட்டி அதில் கையை அளைந்தார்கள்.

ஊபோங்கின் அம்மா அந்த வாரமே வந்தார். கைக்குட்டையை அவிழ்த்து அவர் கையில் வைத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர் மணியைத் திருப்பிப் பார்த்தார். அதன் துளையில் கறுப்புக் கயிற்றுத் துண்டு அப்படியே இருந்தது.

"இது என்ன?"

சொன்னேன். மலாயில் சொன்னதால் சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. குழந்தை, காய்ச்சல், கோயில், கத்தரிக்கோல்.

"அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான்?"

தெரியாது என்றேன்.

அவர் மணியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கி மூடினார். "தெரிந்த பிறகு கொண்டுவந்து கொடு" என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைக்கு இறங்கிப் போய்விட்டார்.

அவ்வளவு நாளும் நான் பட்ட கவலை அத்தனையும் அந்த மணிக்காக. அது என் கையில் இருந்தது. முதல்முறையாக எனக்குப் பாபுவை நினைத்துப் பயம் வந்தது. மடியில் உட்கார்ந்தபோது அந்த உடம்பு எவ்வளவு சூடாக இருந்தது என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் வகுப்புக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மீரிக்குப் போனேன். தபால் நிலையத்தில் வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பதிந்துவிட்டு, கூப்பிடும்வரை மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இருட்டப்போகும் நேரத்தில்தான் உத்திரமேரூர் மண்டி கிடைத்தது. கடல் போல இரைந்த லைனில் தணிகாசலம் "யாரு, யாரு" என்று கத்தினார். என் குரலைக் கேட்டதும் பயந்துபோய்க் கோமளாவைக் கூப்பிட்டார்.

"கோமளா, நான்தான். பாபு எப்படி இருக்கான்?"

இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. லைன் போய்விட்டதோ, அல்லது சொல்ல முடியாமல் நிற்கிறாளோ என்று ரிசீவரைக் காதோடு அழுத்தினேன்.

"அண்ணி" என்றாள் கோமளா. "இப்பத்தான் பால் குடிச்சிட்டுத் தூங்கினான். எயுப்பட்டுமா?"

வேண்டாம், தூங்கட்டும் என்றேன்.